படத்துக்கு எழுதிய பெயர் எங்கே தங்குகிறது? – ஒளிப்படத் தொகுப்புக்குக் கட்டுப்படியான மென்பொருளைத் தெரிவுசெய்தல்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் மூத்தவர் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாளுக்குள் நினைவு மலர் அச்சாகி வரவேண்டும். அட்டைக்கு ஒரு நல்ல படமும் உள்ளே போட நாலைந்து பழைய படங்களும் தேடும் வேலை குடும்பத்தில் யாரோ ஒருவரின் தலையில் விழுகிறது. படங்கள் இல்லாமல் இல்லை. மகனின் கைபேசியில் சில, ரொறன்ரோவில் இருக்கும் மகளின் மடிக்கணினியில் சில, மேலே எதுவும் எழுதாத இறுவட்டுகளில் சில என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வேண்டிய படம் மட்டும் வேண்டிய நேரத்தில் அகப்படுவதில்லை. இப்படி ஒருமுறை அலைந்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: படங்களை ஒழுங்குபடுத்த மலிவான மென்பொருள் எது?

கேள்வி நியாயமானது. ஆனால் விலையிலிருந்து தேடத் தொடங்கினால் விடை பிழைத்துவிடும். ஒரு குடும்பத் தொகுப்பில் 20,000 படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அவற்றில் இருப்பவர் யார், இடம் எது, காலம் எது என்று எழுதி முடிப்பது மாதக்கணக்கில் நீளும் வேலை. அதுவும் தனியே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அன்று. பெரியம்மாவோ மாமாவோ பக்கத்தில் இருந்து, பின்வரிசையில் தலைப்பாகையோடு நிற்பவர் இன்னார் என்று சொல்லவேண்டும். மென்பொருளைத் தொலைத்தால் மறுபடி வாங்கலாம். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் சொன்ன பெயரைத் தொலைத்தால் மறுபடி கேட்க ஆள் இல்லாமற் போகலாம். ஆகவே, ஒரு மென்பொருள் கட்டுப்படியாகுமா என்பதைத் தீர்மானிக்க முதலில் பார்க்க வேண்டியது, நாம் எழுதும் பெயரையும் திகதியையும் அது எங்கே எழுதி வைக்கிறது என்பதையே.

இதைச் சொல்லும்போது இங்குள்ள தொகுப்புகள் எப்படி உருவாயின என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி மக்கள் போரினால் ஓரிரவில் வெளியேறியபோது கையில் எடுத்துச் செல்ல முடிந்தது கொஞ்சம். அல்பங்கள் பல வீடுகளோடு போய்விட்டன. பிற்காலத்தில் அந்தப் படங்கள் திரும்பி வந்தது வெளிநாட்டு உறவினரிடம் இருந்த பிரதிகளின் வழியாகத்தான்: ஒருவர் ஸ்கான் செய்து அனுப்பினார், இன்னொருவர் அல்பத்தின் பக்கத்தையே கைபேசியால் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டார். ஆகவே ஒரு சராசரி யாழ்ப்பாணத் தொகுப்பில் ஸ்கான் செய்த பழைய படங்கள், ஸ்ரூடியோக்காரர் கொடுத்த கல்யாண, சாமத்தியவீட்டுப் படங்கள், கைபேசிப் படங்கள், வட்ஸ்அப்பில் வந்தவை எல்லாம் கலந்து கிடக்கின்றன. வெளிநாட்டு மதிப்புரைகள் பெரும்பாலும் தன் கமராவில் தானே எடுத்த ஒருவரின் ஒழுங்கான தொகுப்பை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. அவற்றின் தரவரிசை நமக்கு அப்படியே பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

எண்ணிமப் படக் கோப்பு ஒன்றுக்குள் படம் மட்டும் இருப்பதில்லை. படத்தைப் பற்றிய தகவலும், அதாவது மீத்தரவும், அதற்குள்ளேயே இருக்க இடம் உண்டு. அந்த இடத்தில் மூன்று முறைமைகள் குடியிருக்கின்றன. முதலாவது எக்ஸிஃப், யப்பானியக் கமரா உற்பத்தியாளருக்காக 1995 இல் வகுக்கப்பட்டது. படமெடுத்த நேரம், கமராவின் மாதிரி, கைபேசியானால் இடத்தின் ஆள்கூறுகள் ஆகியவற்றைக் கமராவே இதில் எழுதிவிடும். இரண்டாவது, செய்தி நிறுவனங்கள் படங்களைப் பரிமாறுவதற்காக வகுத்த ஐ.பி.ரி.சி. முறைமை, தலைப்பும் விளக்கமும், தேடுவதற்காக இடும் குறிச்சொற்களும் இதில் எழுதப்பட்டன. மூன்றாவது, அடோபி நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்.எம்.பி.; 2012 இல் இது சர்வதேச நியமமாகவே ஏற்கப்பட்டுவிட்டதால் இன்று எந்தவொரு தனி நிறுவனத்தின் தயவிலும் அது தங்கியிருக்கவில்லை. பெயர்களும் குறிச்சொற்களும் எக்ஸ்.எம்.பி.யாகக் கோப்புக்குள் எழுதப்பட்டிருந்தால், அதை எழுதிய மென்பொருள் நாளை இல்லாமற் போனாலும் வேறொன்று அதைப் படித்துக்கொள்ளும். மாறாக, மென்பொருள் அவற்றைத் தன் சொந்தத் தரவுத்தளத்தில் மட்டும் வைத்திருந்தால், அந்த மென்பொருளின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவுதான் நம் உழைப்பின் ஆயுளும்.

அந்த ஆயுள் நாம் எண்ணுவதைவிடக் குறுகியது. கூகிள் 2004 இல் வாங்கி இலவசமாகக் கொடுத்த பிக்காசாவை இங்கும் ஏராளமானோர் விரும்பிப் பயன்படுத்தினர்; முகங்களை இனங்கண்டு பெயரிடும் வசதியைப் பலருக்கும் முதலில் காட்டியது அதுவே. 2016 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. பிக்காசாவில் இட்ட முகப்பெயர்கள், அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றியிருந்தாலொழிய, ஒவ்வொரு கோப்புறையிலும் மறைவாகக் கிடந்த சிறு கோப்பொன்றிலேயே இருந்தன. அது தெரியாமல் படங்களை மட்டும் புதிய கணினிக்கு மாற்றியவர்கள் பெயர்களைப் பழைய கணினியிலேயே விட்டுவந்தார்கள். மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் போட்டோ கலரிக்கான ஆதரவு 2017 சனவரியில் நின்றது. அப்பிள் நிறுவனம் தன் ஐபோட்டோவையும், தொழில்முறையாளருக்கு விலைக்கு விற்ற அப்பர்ச்சரையும் 2015 இல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. இலவசமானதும் நின்றது, காசு கொடுத்து வாங்கியதும் நின்றது. பெரிய நிறுவனம் என்பதும் விலை கொடுத்தோம் என்பதும் இந்த விடயத்தில் பாதுகாப்பாக அமையவில்லை.

எனவே எந்த மென்பொருளை எடுத்தாலும், முழுத் தொகுப்பையும் அதனிடம் ஒப்படைப்பதற்கு முன் பத்து நிமிடத்தில் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஒரு படத்தைப் பிரதி எடுத்து, அதில் ஒருவரின் பெயரையும், "நல்லூர்த் தேர்" என்பதுபோல ஒரு குறிச்சொல்லையும், ஒரு வரி விளக்கத்தையும், பிழையாக இருக்கும் திகதிக்குப் பதிலாகச் சரியான திகதியையும் இடுங்கள். பின் அந்த ஒரு கோப்பை மட்டும் பென் ட்ரைவில் போட்டு, அந்த மென்பொருள் இல்லாத இன்னொரு கணினியில், முற்றிலும் வேறான மென்பொருளொன்றால் திறந்து பாருங்கள். விண்டோஸில் கோப்பின் இயல்புகள் பக்கத்தில் விவரங்கள் என்ற பகுதியைத் திறந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நான்கும் தெரிந்தால் அந்த மென்பொருளை நம்பலாம். குறிச்சொல் வந்து முகப்பெயர் வராவிட்டால் அமைப்புகளைத் தேடிப் பார்க்கவேண்டும். எதுவுமே வரவில்லையென்றால், விலை எதுவானாலும் அதை விட்டுவிடுவது நல்லது.

தமிழில் எழுதுபவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் தமிழிலேயே செய்து பார்க்கவேண்டும். ஏனென்றால் ஆங்கிலத்தில் தலைகாட்டாத சிக்கல்கள் இங்கே வரும். பழைய ஐ.பி.ரி.சி. முறைமையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் என்ற வரம்பு உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும் என்பதால் அங்கே இது தாராளமான இடம். யுனிகோட் தமிழிலோ, பரவலாக வழங்கும் யு.ரி.எஃப்.-8 குறியேற்றத்தில், அகர எழுத்து ஒன்றுக்கு 3 பைட், அதன்மேல் ஏறும் புள்ளிக்கோ காலுக்கோ கொம்புக்கோ இன்னொரு 3 பைட் வேண்டும். "யாழ்ப்பாணப் பொது நூலகம்" என்ற குறிச்சொல்லை எண்ணிப் பார்த்தால் 21 குறிகளுக்கு 63 பைட், இரண்டு இடைவெளிகளுக்கு 2 பைட், ஆக 65. வரம்பைக் கண்டிப்பாகப் பார்க்கும் ஒரு மென்பொருள் கடைசிப் பைட்டை வெட்டிவிட்டால், நூலகத்தின் மகர மெய்மேல் இருக்கவேண்டிய புள்ளி உடைந்து, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும். எக்ஸ்.எம்.பி.யில் இந்த வரம்பு இல்லை. எனவே இரண்டிலும் எழுதும் மென்பொருளானால், படிக்கும்போது எக்ஸ்.எம்.பி.க்கு முன்னுரிமை கொடுக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. அல்லது குறிச்சொல்லைச் சுருக்கமாக வைத்து, நீளமானவற்றை விளக்கத்தில் எழுதலாம்.

இன்னொரு சிக்கல் பாமினி. நம் அச்சகங்களிலும் ஸ்ரூடியோக்களிலும் நெடுங்காலம் கோலோச்சிய அந்த எழுத்துருவில் தட்டச்சிட்டுப் பழகியவர்கள் இன்னும் பலர். பாமினியில் திரையில் தெரிவது தமிழ்; கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே. கோப்பின் பெயருக்கும் குறிச்சொல்லுக்கும் எழுத்துரு தெரிவுசெய்யும் வசதி கிடையாது என்பதால் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது உண்மையில் ஓர் அரைப்புள்ளி. விண்டோஸோ அரைப்புள்ளியைக் குறிச்சொற்களைப் பிரிக்கும் அடையாளமாகக் கொள்கிறது. யாழ்ப்பாணம் என்று பாமினியில் தட்டச்சிட்டு அந்தப் பெட்டியில் ஒட்டினால், ழகர, பகர, மகர மெய்களின் புள்ளிகளில் சொல் உடைந்து, ஒரு குறிச்சொல் மூன்று துண்டாகிவிடும். ஸ்ரூடியோவில் தொகுப்பு வேலையைக் கொடுப்பவர்கள் யுனிகோடில் எழுதும்படி முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

இத்தனை நிபந்தனைகளையும் வைத்துப் பார்க்கும்போது, பெரும்பாலான வீடுகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது டிஜிகாம். இது 2001 இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும், நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். விலை எதுவும் இல்லை. முதன்முறை திறக்கும்போதே, நாம் இடும் தகவல்களைக் கோப்புகளுக்குள் எழுதவா, வேண்டாமா என்று அது கேட்கும். வேகவேகமாக அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டு போகும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் மட்டும் நின்று படிக்கவேண்டும். எழுது என்று சொன்னால், குறிச்சொல்லும் விளக்கமும் முகங்களின் பெயரும் இடமும் எக்ஸ்.எம்.பி.யாகப் படத்துக்குள்ளேயே போய்விடும். முகத்தைச் சுற்றியுள்ள சதுரத்தைக்கூட அது பொது நியமப்படி எழுதுவதால், அடோபியின் லைட்ரூம் போன்ற பிற மென்பொருள்களும் அதைப் புரிந்துகொள்ளும்.

மூலக்கோப்பைத் தொட அஞ்சுபவர்களுக்கு இன்னொரு வழியும் அதில் உண்டு: ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதே பெயரில் சிறு எக்ஸ்.எம்.பி. கோப்பொன்றை வைத்து, தகவலை அதில் எழுதுவது. மூலம் மாறாது என்பது இதன் அனுகூலம். படத்தை மட்டும் பிரதி எடுத்து அனுப்பும்போது துணைக்கோப்பு பின்தங்கிவிடும் என்பது பிரதிகூலம். நம்மவர்கள் படங்களைப் பகிரும் முறையைப் பார்த்தால் அது நிச்சயம் நடக்கும். ஆகவே சாதாரண ஜேபெக் படங்களுக்குக் கோப்புக்குள் எழுதுவதையும், கமரா பதப்படுத்தாமல் பதியும் ரோ கோப்புகளுக்கு மட்டும் துணைக்கோப்பையும் கொள்வதே பொருத்தம். எதுவானாலும் ஆயிரக்கணக்கான படங்களில் ஒரேயடியாக எழுதுவதற்கு முன் முழுப் பிரதியொன்று எடுத்து வைக்கவேண்டும், யு.பி.எஸ். இல்லாத மேசைக்கணினியில் அந்த வேலையை மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில் தொடங்கவும் கூடாது.

டிஜிகாமின் குறைகளையும் சொல்லவேண்டும். அமைப்புப் பக்கங்கள் மலைக்கவைக்கும் அளவுக்கு நீளம். நினைவகம் குறைந்த பழைய கணினிகளில் மந்தமாக ஓடும். முகங்களை இனங்காணும் பகுதிக்குச் சில நூறு மெகாபைட் தனியே பதிவிறக்கவேண்டும். பார்ப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும் சுழற்றுவதற்கும் மட்டும் ஒன்று வேண்டுமென்றால், வீட்டுப் பாவனைக்கு இலவசமான எக்ஸ்என்வியூ எம்.பி. அல்லது ஃபாஸ்ற்ஸ்ரோன் போதும். முன்னையதில் குறிச்சொல்லும் இடலாம். லினக்ஸ் பாவிப்போருக்கு ஷொட்வெல் இருக்கிறது. இம்மிச் என்ற புதிய திறந்த மூல மென்பொருளைக் கொண்டு, கூகிள் போட்டோஸ் போன்றதொரு சேவையைத் தன் வீட்டிலேயே நிறுவிக் குடும்பத்தார் எல்லாருக்கும் திறந்துவிடலாம். ஆனால் அதற்கு இரவுபகலாக ஓடும் ஒரு கணினியும், கோளாறு வந்தால் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். மின் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது இலவசம் அன்று.

விலைக்குக் கிடைப்பவற்றைப் பொறுத்தவரை, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்திருக்கும் காலம் ஏறக்குறைய மறைந்துவருகிறது. லைட்ரூமின் 6 ஆம் பதிப்பு 2015 இல் வந்தது. நிரந்தர உரிமத்தோடு விற்கப்பட்ட கடைசிப் பதிப்பு அதுவே. பின்னர் வந்தவை எல்லாம் சந்தா. வீட்டுப் பாவனையாளருக்கான போட்டோஷொப் எலிமென்ட்ஸைக்கூட 2024 இன் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து 3 ஆண்டுக்கான உரிமமாக அடோபி மாற்றிவிட்டது. இலங்கையில் இருப்பவருக்குச் சந்தாவில் மேலுமொரு சுமை உண்டு: கட்டணம் டொலரில். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த ஒரு டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. மென்பொருள் நிறுவனம் விலையைக் கூட்டவில்லை. இங்கே கட்டுபவருக்கோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கையும் தாண்டிவிட்டது. லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்றாலும் தொகுப்பைத் திறந்து பார்க்கலாம், திருத்தும் பகுதிதான் பூட்டப்படும் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆயினும் அதில் தகவல்களைத் தானாகவே எக்ஸ்.எம்.பி.யாக எழுதும் தெரிவு ஆரம்பத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். அதை நாமே இயக்கவேண்டும். கல்யாண வீடுகளுக்குப் படமெடுத்துப் பிழைக்கும் ஒருவருக்கு அந்தச் சந்தா தொழிற்செலவு. ஒரு குடும்பத் தொகுப்புக்கு அது தேவையில்லை என்பதே என் எண்ணம்.

பூட்டு உடைத்த பிரதி இருக்கும்போது விலை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இருபது வருடம் பேணவேண்டிய ஒரு தொகுப்பை, இற்றைப்படுத்த முடியாத, உள்ளே வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாத ஒரு மென்பொருளில் கட்டுவது, அதுவும் இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது, வீண் துணிச்சல்.

மேகக்கணிச் சேவைகளின் கதை வேறு. கூகிள் போட்டோஸ் 2015 இல் வந்தபோது சற்றுச் சுருக்கிய படங்களை வரையறையின்றி இலவசமாக ஏற்றுக்கொண்டது. 2021 யூன் 1 ஆம் திகதியிலிருந்து புதிதாக ஏற்றப்படும் எல்லாப் படங்களும் 15 ஜிகாபைட் என்ற பொதுக் கணக்குக்குள் வந்துவிட்டன. படமொன்று 4 மெகாபைட் என்றால், மின்னஞ்சலுக்கு எதுவும் விடாமல் நிரப்பினாலும் 3,750 படங்களோடு அந்த இடம் முடிந்துவிடும். 20,000 படங்களுக்கு 80 ஜிகாபைட் வேண்டும். பதிவேற்ற வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் கிடைக்கும் இணைப்பில் அதை ஏற்றி முடிக்க இடைவிடாமல் ஏறத்தாழ 89 மணித்தியாலம். தேடும் வசதியில் கூகிளுக்கு நிகராக எதையும் நான் காணவில்லை. கடற்கரை என்று தேடினால் குறிச்சொல்லே இல்லாமல் கடற்கரைப் படங்கள் வந்து நிற்கும். ஆனால் வெளியேறும்போதுதான் விலை தெரியும். நாம் எழுதிய விளக்கங்கள் படங்களுக்குள் வருவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் தனியே ஒரு ஜேசன் கோப்பாக, அதாவது தகவல் மட்டும் கொண்ட எழுத்துக் கோப்பாக, வருகின்றன. அவற்றைத் திரும்பப் படத்துக்குள் சேர்க்க எக்ஸிஃப்ரூல் போன்ற கருவிகள் உண்டு. 2003 முதல் ஒரு தனிமனிதர் இலவசமாகப் பேணிவரும் அந்தக் கருவி அற்புதமானது. ஆனால் கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கவேண்டியது என்பதால் எல்லாருக்கும் கைவராது. மேகக்கணியைப் பகிர்வதற்கும் மேலதிகப் பிரதிக்கும் பயன்படுத்தலாம். பெயரிடும் வேலையை அதற்குள் செய்யாமல் வீட்டுக் கணினியில் செய்வதே உசிதம்.

இனி, எந்த மென்பொருளாலும் தானாகத் தீர்க்க முடியாத இரண்டைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்கலாம்: திகதி, பெயர்.

வட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பப்படும்போது எக்ஸிஃப் தகவல் அழிக்கப்படுகிறது, படமும் சுருக்கப்படுகிறது. அன்ட்ரொய்ட் கைபேசிகளில் கோப்பின் பெயரிலேயே ஒரு திகதி இருக்கும் என்றாலும், அது படமெடுத்த திகதி அன்று. நீளப்பக்கம் 1,600 படப்புள்ளியாகச் சுருங்கிய ஒரு படத்தை அச்சுக்குரிய தரத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால், ஏறத்தாழ ஐந்தே கால் அங்குலத்துக்குமேல் பெருப்பிக்க முடியாது. இலண்டனிலிருந்து சித்தப்பா பழைய படங்களை அனுப்புகிறார் என்றால், படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பும்படி சொல்லவேண்டும். அப்போது எதுவும் சுருங்காது, எதுவும் அழியாது. ஸ்கான் செய்த படங்களுக்கோ ஸ்கான் செய்த நாளே திகதியாகப் பதிந்திருக்கும். கோப்பின் திகதியை நம்பி அடுக்குவதும் பயனற்றது. பென் ட்ரைவ்களில் வழங்கும் கோப்பு முறைமைக்கு 1980 சனவரி 1 இற்கு முந்திய நாளொன்று இருப்பதே தெரியாது. எக்ஸிஃப் திகதிக்கு அந்தத் தடை இல்லை என்பதால், திகதியை அங்கேதான் எழுதவேண்டும்.

ஆனால் எந்தத் திகதியை எழுதுவது? 1974 தையில் யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டு அலங்காரம் பின்னணியில் தெரியும் ஒரு படத்துக்கு ஆண்டும் மாதமும் தெரியும், நாள் தெரியாது. அம்மம்மா மணப்பெண்ணாக நிற்கும் படத்துக்கு ஆண்டு மட்டும் தெரியும். எக்ஸ்.எம்.பி. முறைமை ஆண்டை மட்டும் எழுதவும் இடங்கொடுத்தாலும், நடைமுறையில் பெரும்பாலான மென்பொருள்கள் முழுத் திகதியையே கேட்கும். தெரியாத இடத்தில் 1 என்று போட்டு, "ஆண்டு மட்டும் உறுதி", "மாதம்வரை உறுதி", "உத்தேசம்" என்று மூன்று குறிச்சொற்களை வைத்துக்கொள்வது எளிய தீர்வு. இதைச் செய்யாவிட்டால், சனவரி 1 ஆம் திகதியே நம் குடும்பத்தில் கல்யாணங்கள் எல்லாம் நடந்தன என்று பேரப்பிள்ளைகள் நினைக்கக்கூடும்.

பெயரில் நாம் தவறுவது உறவுமுறையால். குறிச்சொல்லில் "மாமி" என்று எழுதினால், எழுதுபவருக்கு மட்டும்தான் அது விளங்கும். எழுதுபவரின் மகளுக்கு அந்த மாமியே வேறு உறவு. ஒரே தொகுப்பை மூன்று நாடுகளில் இருந்து நான்கு பேர் பார்க்கும்போது உறவுமுறைக் குறிச்சொற்கள் முற்றிலும் பயனற்றுப் போகின்றன. முழுப்பெயரும், ஒரே பெயரில் பலர் இருந்தால் ஊரோ தகப்பன் பெயரோ சேர்த்தும் எழுதவேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் குஞ்சு என்றும் ராசாத்தி என்றும் தேடுபவர்களும் உண்டு. மணமான பின் பெயர் மாறிய பெண்களுக்கு ஒரே குறிச்சொல்லைத் தொடர்ந்து வைத்திருப்பது முக்கியம். இல்லையேல் ஒருவரே தொகுப்பில் இருவராகிவிடுவார்.

முகங்களை இனங்காணும் வசதி இந்த வேலையைப் பெருமளவு குறைக்கும். டிஜிகாம் 2020 இல் வெளியான 7 ஆம் பதிப்பிலிருந்து இதற்கு ஆழ்கற்றல் முறையைக் கையாள்கிறது. எல்லாம் நம் கணினியிலேயே நடக்கிறது, படம் எங்கும் போவதில்லை. காணாமற்போனோரின் படங்களும் போராட்டங்களில் எடுத்த படங்களும் கலந்திருக்கக்கூடிய தொகுப்புகளுக்கு இது சிறிய விடயம் அன்று. ஒருவருக்குப் பல வயதுகளிலும் எடுத்த சில படங்களில் நாமே பெயரிட்டுக் கொடுத்தால் மீதியை அது ஊகித்துக் காட்டும். மங்கிய கறுப்பு-வெள்ளைக் கூட்டப்படங்களிலும், திருநீறும் சந்தனமுமாக நிற்கும் கோயில் படங்களிலும் அது தடுமாறும். சகோதரிகளை மாற்றிச் சொல்லும். ஆகவே அதன் ஊகங்களை மொத்தமாக ஏற்காமல், மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்ப்பதே முறை. வேலையைத் தொடங்கவேண்டியதும் அந்தப் பழைய படங்களிலிருந்துதான். கைபேசிப் படங்களுக்குத் திகதி தானாகவே இருக்கிறது, முகங்களை நாமே அறிவோம், அவை பொறுத்திருக்கும்.

மென்பொருளுக்குச் செலவாகாத பணத்தில் இரண்டாவது வன்தட்டொன்றை வாங்கவேண்டும். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எப்படிப் போகும் என்பதை 1981 இல் 97,000 நூல்களோடு எரிந்த நூலகத்தைக் கண்ட ஊருக்கு விளக்கத் தேவையில்லை. ஒன்று கணினியில், ஒன்று அலுமாரியில் உள்ள வன்தட்டில், ஒன்று வேறு ஊரிலோ நாட்டிலோ என்பது எங்கும் ஏற்கப்பட்ட முறை. கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வந்துபோகும் உறவினர் இருக்கும்வரை மூன்றாவது நமக்குச் சிரமமும் இல்லை. டிஜிகாம் போன்றவற்றின் தரவுத்தளக் கோப்பையும் சேர்த்துப் பிரதி எடுக்கலாம், ஆனால் தகவல் படங்களுக்குள்ளேயே இருப்பதால் அது தொலைந்தாலும் மீள உருவாக்கிக்கொள்ளலாம். கோயில், வாசிகசாலை, பாடசாலை போன்றவற்றின் பழைய படங்கள் இருந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்; யார், எங்கே, எப்போது என்ற விவரத்தோடு போகும் படம் அங்கேயும் உடனே பயன்படும்.

வன்தட்டை யாருக்குக் கொடுத்தாலும், முதற் கோப்புறையில் சாதாரண எழுத்துக் கோப்பொன்றை எழுதி வையுங்கள். படங்கள் எவரெவரிடமிருந்து வந்தன, "உத்தேசம்" என்ற குறிச்சொல்லுக்குப் பொருள் என்ன, பெயர்களை எந்த ஒழுங்கில் எழுதினோம், எந்த ஆண்டுவரை வேலை முடிந்திருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குள் யுனிகோடில் எழுதினால் போதும். அதைத் திறக்க எந்தச் சந்தாவும் வேண்டாம்.